நான் மொழிபெயர்க்காமல் விட்ட வரி

கண்ணா,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். நான் எழுதும்போது உனக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை. கொல்லையில் தென்னங்குரும்பையில் ஈர்க்குச்சி குத்தித் தேர் செய்துகொண்டிருக்கிறாய். உன் இடது புருவத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு தழும்பு போகிறதே, அது எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் களத்தில் விழுந்தாய் என்பார்கள். உன் அப்பாவும் அதைத்தான் சொல்வார். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அன்றைக்கு நீ விழாமல் இருந்திருக்கலாம். நான் ஒரு காகிதத்தில் சில வரிகளைத் தெரிந்தே எழுதாமல் விட்டேன். அவற்றில் ஒன்றை இன்று வரை தமிழில் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நீ வளர்ந்து, துணைக்கு ஆளில்லாமல் ஒரு டாக்டரின் முன்னால் போய் உட்காரும் நாளில் இது உன் கையில் இருக்க வேண்டும்.

உனக்கு மூன்று வயது நடக்கும்போது முதல் வலிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே கைவைத்தியம், கையில் இரும்பைக் கொடுப்பது. நம் வீட்டில் இரும்பு என்றால் நெல் பத்தாய அறையின் சாவிக்கொத்து. அது சாமி மாடத்து ஆணியில் தொங்கும். உனக்கு வலிப்பு வரும்போதெல்லாம் நான் கொல்லையிலிருந்து தாழ்வாரம், முற்றம், கூடம் என்று ஓடி, அதை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்து, உன் விரல்களைப் பிரித்து உள்ளே வைத்து அழுத்துவேன். சென்னையில் விடுதியில் தங்கி பி.ஏ. படித்தவள் நான். கடைசி இரண்டு வருடம் மாலை வகுப்பில் ஜெர்மனும் படித்தேன், மேல்படிப்புக்கு அந்த நாட்டுக்குப் போகலாம் என்ற ஆசையில். அந்த ஆசை நன்னிலத்துக்கு ஐந்து மைல் தள்ளி உன் அப்பா வீட்டு முற்றத்தில் வந்து இறங்கியது. படித்ததெல்லாம் எங்கே போயிற்றோ, உன் கண் எங்கோ நிலைத்ததும் என் கால் தானாகச் சாமி மாடத்துக்கு ஓடும்.

நான் ஓடும் அந்த நேரத்தில் உன் பக்கத்தில் இருந்தவள் அஞ்சலை. நம் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வரும் குடும்பம். கொட்டிலில் சாணி அள்ள வந்தாள். ஒருமுறை நீ கொட்டில் வாசலில் விழுந்தபோது அவள்தான் உன் தலைக்குக் கீழே வைக்கோலைத் தள்ளினாள். அதன் பிறகு பகலெல்லாம் உன்னைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவளுக்கே வந்தது. வீட்டுக்குள் வரமாட்டாள், கொல்லைத் தாழ்வாரத்தோடு சரி. அந்த வழக்கத்தை நான் ஏன் என்று கேட்டதில்லை. ஆனால் நீ கேட்காமலே அதை மாற்றிவிட்டாய். அவள் உள்ளே வரக்கூடாது என்றால் நீ வெளியே போனாய். நான் கூடத்தில் பிசைந்து கொடுத்த சோற்றை உப்பில்லை என்று துப்புவாய். அதே கிண்ணத்தைக் கொல்லைக்கு எடுத்துப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வழித்துத் தின்பாய். அவளை ‘அஞ்சா’ என்பாய். அந்தப் பெயரை நீ கூப்பிடும்போது உன் குரலில் ஒரு துள்ளல் வரும். ‘அம்மா’ என்று கூப்பிடும்போது அது இருக்கிறதா என்று நான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். ஒருநாள் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் சிரிக்கும் விதத்தில் நான் சிரித்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

கடற்கரைப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு ஜெர்மன்கார டாக்டரம்மா இருந்தார். வெகுகாலம் இங்கேயே இருந்தவர். பேசுவது நம் தமிழ், எழுதுவது மட்டும் அவர் மொழி. மாதம் ஒருமுறை உன்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போவோம், நீயும் நானும் அஞ்சலையும். பஸ்ஸில் நீ அவள் மடியில். டாக்டரம்மா இரண்டு பேரையும் கேட்பார். நான் “விழுறான், இழுக்குது டாக்டர்” என்று தொடங்கி அழுதுவிடுவேன். அஞ்சலை அழமாட்டாள், செய்து காட்டுவாள். போன வருடம் கார்த்திகையில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் புறப்பட்டார். புறப்படும் முன் உன் நோய்க் குறிப்புக் கட்டை என்னிடம் நீட்டினார். “அம்மா, மெட்ராஸ்ல ஒரு நரம்பு டாக்டர் இருக்கார். அவருக்கு இங்கிலீஷ்ல வேணும். நீங்கதான் என் பாஷை படிச்சவங்க. நீங்களே எழுதிடுங்க, ஒண்ணும் விடாம.”

அந்தப் பதினொரு பக்கங்களைக் கையில் வாங்கியபோது எனக்கு இருந்த பெருமையை என்ன சொல்வேன். கல்யாணத்துக்குப் பிறகு என் ஜெர்மனை யாரும் கேட்டதில்லை. இப்போது உனக்காகக் கேட்கிறார்கள். இதை அஞ்சலையால் செய்ய முடியாது. மார்கழி முழுக்க, சமையல் முடிந்த பிறகு, கூடத்தில் அகராதியோடு உட்கார்ந்தேன். என்னிடம் இருந்தது மாணவர்களுக்கான சின்ன அகராதி. அதில் வண்டி உண்டு, வெண்ணெய் உண்டு, வலிப்பில் ஒரு குழந்தையின் உடம்பு செய்வதெல்லாம் கிடையாது. வெட்டிவெட்டி இழுப்பதற்கு ஒரு சொல், விறைத்துக்கொள்வதற்கு ஒரு சொல், மொத்த வலிப்புக்கு வேறு ஒரு சொல். இங்கிலீஷில் எதை எதற்கு வைப்பது என்று ஒரு சொல்லுக்கு இரண்டு நாள் போகும். உனக்கு இல்லை என்று அவர் தள்ளிய வகைகளின் பெயர்கள்கூட இருந்தன: மின்னல் வலிப்பு, தலையாட்டு வலிப்பு, சலாம் வலிப்பு. சலாம் என்ற சொல்லை ஜெர்மன் எழுத்தில் பார்த்ததும் சிரித்துவிட்டேன். குழந்தை இடுப்பை மடக்கிக் குனிவதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். நம் கடைத்தெரு பாய் ஒருவரை அந்தப் பக்கத்தில் சந்தித்த மாதிரி இருந்தது.

நான்காம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. ‘தாய் படித்தவர், மிகவும் பயந்தவர். விழுகிறான் என்பதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் கிடைக்கவில்லை. இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் கையின் அசைவைப் பார்க்க முடிவதில்லை. சரியான விவரம் அனைத்தும் குழந்தையை வளர்க்கும் பெண்ணிடமிருந்து.’ குழந்தையை வளர்க்கும் பெண். அப்படித்தான் எழுதியிருந்தார். நம் வீட்டில் அவள் கொட்டில்காரி. அந்தப் பெண் சொன்னதாகத் தொடர்ந்து எழுதியிருந்தார்: விழுவதற்கு முன்னால் குழந்தை செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிடுகிறது, எங்கோ பார்க்கிறது, வாய் மெல்லுவது போல் சப்புக்கொட்டுகிறது, வலது கை நெஸ்டெல்ன் செய்கிறது, பிறகு தலை இடது பக்கம் திரும்புகிறது, அதன் பிறகே விழுகிறது. நெஸ்டெல்ன் என்பதற்கு அகராதி நாடாவை முடிவது, அவிழ்ப்பது, விரலால் துழாவுவது என்றது. பக்கத்தில் டாக்டரம்மா தன் கையாலேயே குறித்திருந்தார்: ‘இங்குள்ள பெண்கள் நெல் நாற்றை முடியாகக் கட்டுவது போல. அந்தப் பெண் செய்து காட்டினார்.’ அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் அந்தக் கையசைவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் நான் சாவிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். பார்க்காததால் அது இல்லை என்று சொல்லிக்கொண்டேன். கூலிக்கு வந்தவள் டாக்டரம்மா முன்னால் கூத்துக் காட்டியிருக்கிறாள், அவரும் நம்பியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டேன். என் பேனா அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிற்று. சப்புக்கொட்டுவது போயிற்று, கை போயிற்று, தலை திரும்புவது போயிற்று. ‘தாய் கூறியபடி, முன்னறிகுறி ஏதுமின்றி விழுகிறான்’ என்று இங்கிலீஷில் அழகாக எழுதினேன். ‘தாய்’ என்ற சொல்லை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போட்டேன். உன் வாழ்க்கையில் யாராவது ஒருவர் நல்ல கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒன்றை எழுதிக் கொடுத்தால், அதை இரண்டாம் தடவை படித்துப் பார்.

தை பிறந்தது. அறுப்பு நேரத்தில் கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். வரப்புக்கு வரப்புக் கொடி நட்டார்கள். உன் அப்பா தாலுகா ஆபீசுக்கும் கணக்குப்பிள்ளை வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார். உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து ஊரில் எல்லோரும் நிலத்தைப் பெயர் மாற்றிக்கொண்டிருந்த நேரம், உன் பெயரிலும் ஒரு பட்டா ஏறியது. கொடி பிடித்தவர்களில் அஞ்சலையின் புருஷனும் ஒருவர். உன் பெரியப்பா வாசலில் நின்று, “அந்த வூட்டுப் பொம்பளைய இன்னும் கொல்லையில வச்சிருக்கியேம்மா” என்றார். நான் அதற்காகவே காத்திருந்தவள் போல அன்று மாலையே அவளை நிறுத்தினேன். “நாளையிலேருந்து வர வேணாம் அஞ்சலை.” அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “தம்பி தூங்குது. எந்திரிச்சாத் தேடும்” என்றாள். “நாங்க பாத்துக்குறோம்” என்றேன். உன் அப்பா என்னை மெச்சினார். அஞ்சலை குடியிருக்கும் கீழத்தெருவில் என்னைத் திட்டினார்கள். கொடி எனக்கு ஒரு சாக்கு என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியாது.

மாசியில் சென்னைக்குப் போனோம். நரம்பு டாக்டர் என் இங்கிலீஷைப் படித்துவிட்டு, “ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க” என்றார். பிறகு கேட்டார். “விழறதுக்கு முன்னாடி ஏதாவது? வாய், கை, பார்வை?” நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். “ஒண்ணும் இல்லை டாக்டர்” என்றேன். அப்படி முன்னறிகுறி இல்லாத வகைக்கான மருந்தைக் கொடுத்தார். நீ பங்குனி முழுக்கத் தூங்கினாய். சித்திரையில் ‘அஞ்சா’ என்று கேட்பதையும் நிறுத்தினாய். கேட்கும் தெம்பு இல்லை. தூக்கம் வந்ததே ஒழிய வலிப்பு நிற்கவில்லை. ஆனியில் ஒரு காலை, களத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்று எங்கோ பார்த்தாய். நான் இரண்டு முழத்தில் இருந்தேன். கை நீட்டினால் பிடித்திருக்கலாம். சாவிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது களத்தின் சிமெண்டு விளிம்பில் உன் முகம் கிடந்தது.

தையல் போட்டு உன்னைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் நான் குறுவை நாற்றங்காலுக்குப் போனேன். கூலித் தகராறு தீர்ந்து, ஆற்றில் தண்ணீரும் வந்து, நாற்றுப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. எட்டுப் பேர் முழங்கால் சேற்றில் குனிந்திருந்தார்கள். வரப்பில் நின்று கூப்பிட்டேன். அஞ்சலை நிமிரவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான், “அடியே, பண்ணையம்மா வந்து நிக்கிறாங்க. சாவி கீவி தொலஞ்சு போச்சோ என்னமோ” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்காமல் கேட்டாள்.

“தம்பி எப்புடி இருக்கு?”

“விழுந்துட்டான். புருவம் கிழிஞ்சிடுச்சு.”

“யாரு கூட இருந்தது?”

“நான்தான்.”

“சாவி எடுக்கப் போயிட்டீங்களாக்கும்.”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். “மெட்ராசுக்கு ஒரு நடை வரணுங்க அஞ்சலை. நீங்க பாத்தத அந்த டாக்டர்கிட்ட காட்டணும்” என்றேன்.

“என்னாது, புதுசா ங்க போடுறீங்க” என்றவள் கரையேறி என் பக்கத்தில் வந்தாள். “நான் காட்டுனதத்தான் வெள்ளக்கார அம்மா எழுதிக்கிட்டாங்களே. அத நீங்க மேல அனுப்பல?”

“அத மட்டும் எழுதாம விட்டுட்டேன். உங்க மேல பொறாமை.”

“எம் மேலயா?” அவள் தன் சேற்றுக் காலையும் கிழிந்த ரவிக்கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “கொடி புடிச்ச வூடுன்னுதான நிறுத்துனீங்க. எம்புருசன் அதச் சொல்லி நன்னிலத்துல மேடையேறிப் பேசிட்டு வந்துருக்காரு. கை தட்டுனாங்களாம். இப்ப அது பொய்யா?”

“பொய் இல்ல. கொடி இல்லேன்னா என்னால அவ்வளவு சுலபமா நிறுத்த முடிஞ்சிருக்காது.”

 அவள் ஒரு பிடி நாற்றையும் கொஞ்சம் வைக்கோலையும் என் கையில் வைத்து, “கட்டுங்க பாப்பம்” என்றாள். நம் வயல் நாற்று. ஏழு வருடமாக அந்த வயலின் சோற்றைத் தின்கிறேன். வைக்கோலைச் சுற்றினேன், முடி அவிழ்ந்து வரப்பில் சிதறியது. பின்னால் மறுபடி சிரிப்பு. அவள் வேறொரு பிடியை எடுத்து, வேரைக் காலில் தட்டி மண் உதறி, வைக்கோலை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டைவிரலால் உள்ளே செருகினாள். அடுத்ததை எடுத்து, அதே சுற்று, அதே செருகல். “தம்பி கையி இப்புடித்தான் போவும். நாத்தும் இருக்காது, வைக்கலும் இருக்காது. கட்டிக்கிட்டே இருக்கும். வாயி வெத்தல போட்ட மாதிரி மெல்லும். அப்பறந்தான் கழுத்து திரும்பும். அதுக்குள்ள புடிச்சு ஒருக்களிச்சுப் படுக்க வச்சிரலாம்.”

“எப்படி இதையெல்லாம் பாத்தீங்க?”

“பாக்காம என்னா செய்ய? தம்பி எங்கயோ போயிட்டு வருது. திரும்பி வாறப்ப போன எடத்துலயே ஆளு இருக்க வேணாமா?”

ஆடியில் மறுபடி சென்னை, அஞ்சலையும் வந்தாள். இந்த முறை பதினொரு பக்கத்தையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு போனேன். அதை டாக்டர் புரட்டுவதற்குள் அஞ்சலை தரையில் உட்காரப் போனாள். டாக்டர் நாற்காலியைக் காட்டினார். அவள் நுனியில் உட்கார்ந்து, பார்வையை எங்கோ நிறுத்தி, வாயை மென்று, விரலால் இல்லாத வைக்கோலைச் செருகினாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும்தான் பேசினார்கள், தமிழில். எந்தக் கை, எவ்வளவு நேரம், பேர் சொன்னால் திரும்புகிறானா. என் ஜெர்மனும் தேவைப்படவில்லை, இங்கிலீஷும் தேவைப்படவில்லை. சுவரோரம் உன்னை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அவளிடம் போக நெளிந்துகொண்டிருந்தாய். டாக்டர் கடைசியில் என்னைப் பார்த்து, “இதைப் போன தடவையே சொல்லியிருந்தா அஞ்சு மாசம் மிச்சம்” என்றார். “எனக்குத் தெரியும், நான் எழுதல” என்றேன். அவர் மருந்தை மாற்றினார். என் முதல் பிரதியைக் கிழித்துவிடலாம் என்றார். கிழிக்கவில்லை. அது உன் குறிப்புக் கட்டுக்குள் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி.

திரும்பி வந்ததும் அஞ்சலையை வேலைக்கு வரச் சொன்னேன். “கொட்டிலுக்கு இனிமே வரமாட்டேன். புள்ளைய வேணுன்னா அனுப்புங்க” என்றாள். உன் அப்பா கத்தினார். “அந்தத் தெருவுக்கா? ஊர்ல நான் தலை காட்டவேண்டாமா?” “நீங்க தலை காட்டுங்க. அவன் தலை இன்னொரு தடவை உடைய வேண்டாம்” என்றேன். அவர் என்னோடு பத்து நாள் பேசவில்லை. நான் தினமும் பொழுது சாய்வதற்கு முன் உன்னைக் கீழத்தெருவுக்குக் கூட்டிப் போகிறேன். உள்ளே நீ அவள் பிள்ளைகளோடு சிரிப்பது கேட்கும். வாசலில் ஒரு பலகை போட்டுக் கொடுப்பாள். அதில் உட்கார்ந்து, அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை என்று எண்ணிக்கொண்டிருப்பேன். பொறாமை போய்விட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். போகவில்லை. அதை வைத்துக்கொண்டே நடக்கப் பழகியிருக்கிறேன்.

புது மருந்துக்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் வந்தது, ஐப்பசியில், தாழ்வாரத்தில். என் கால் சாமி மாடத்துப் பக்கம் துடித்தது. அப்படியே உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் வாய் மென்றது. உன் வலது கை எழுந்தது. கட்டைவிரல் வந்து செருகியது, மறுபடி செருகியது. நான் நான்கு வருடம் பார்க்காததைப் பார்த்தேன். கழுத்து திரும்பும் முன் உன்னைப் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வலிப்பு அடங்கி, உன் கண் தெளிந்து, என் முகத்தில் வந்து நின்றது. போன இடத்திலேயே நான் இருந்தேன். “அஞ்சா எங்கேம்மா?” என்று கேட்டாய். உனக்குச் சட்டை மாட்டி அவளிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

உனக்குப் பெண் பார்க்கும்போது நாங்கள் இதை மறைக்கப் பார்ப்போம். உன் அப்பா கட்டாயம் மறைப்பார்; நானும் மறைக்கக்கூடியவள்தான் என்பது உனக்கு இப்போது தெரியும். நீ மறைக்காதே. அந்தப் பெண்ணிடம் நீயே சொல். வலிப்பில் உன் கை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாது. அதைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள முடியும். அதனால் ஓடாமல் உட்கார்ந்து பார்க்கிறவளாகத் தேடிக்கொள். அவள் உன்னை என்னைவிட நன்றாகப் பார்ப்பாள். அவள் யாரென்றே தெரியாது, இப்போதே எனக்கு அவள் மேல் எரிச்சல் வருகிறது. அதைப் பொருட்படுத்தாதே.

இந்தக் கடிதத்தையும் உன் குறிப்புக் கட்டையும் என் தகரப் பெட்டியில் வைக்கப் போகிறேன். பிற்பாடு மனசு மாறி நான் எடுத்துக் கிழித்துவிடக்கூடும். அதனால் பெட்டியைப் பூட்டி, சாவியை இன்று மாலை அஞ்சலையிடம் கொடுக்கிறேன். உனக்கு மீசை முளைத்ததும் அவள் கொடுப்பாள்.

டாக்டரம்மாவின் பக்கத்தில் கீழே இருந்ததாகச் சொன்னேனே, அந்த வரி. ஜெர்மனிலிருந்து அதை இங்கிலீஷுக்குக் கொண்டுவர எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. தமிழில் எழுத ஒரு வருடம். ‘குழந்தையை வளர்க்கும் பெண்’ என்று அவர் எழுதிய இடத்தில் அவள் பெயரைப் போட்டிருக்கிறேன். வேறு எதையும் மாற்றவில்லை.

‘வலிப்பு தெளிந்ததும் குழந்தை தேடுவது அஞ்சலையை, தாயை அல்ல.’

உன் அம்மா